உப்புக்கு மறுபடியும் வரி போடலாம்

ஆண்டுதோறும் அக்டோபர் 30 அன்று நம் நாட்டில் உலக சிக்கன நாள் கொண்டாடுகிறார்கள். 1924-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிக்காரர்களின் யோசனை அது. அன்றைக்கு அரசின் வாழ்த்துச் செய்தி வரும். பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி நடக்கும். எறும்பைப் பார், தேனீயைப் பார் என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள்.

உப்பளங்கள் நிறைந்த மரக்காணத்தில் அந்த நாள் எப்படி இருக்கும் தெரியுமா? வடகிழக்குப் பருவமழை இறங்கியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் கோடையில் பேருந்து சன்னலிலிருந்து பார்த்த வெள்ளைக் குவியல்களைக் காணமுடியாது. பாத்தி எது, வரப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கழுவேலிச் சதுப்புநிலப் பக்கம் எங்கும் தண்ணீர் நிற்கும். விற்காமல் தங்கிய அம்பாரங்கள் மூடிப் போட்டபடி கிடக்கும். உப்பளத் தொழிலாளிக்கு அந்த மாதம் கூலி கிடையாது. குறைந்த கூலி என்றுகூடச் சொல்ல வழியில்லை, ஒரு ரூபாயும் கிடையாது. வருமானமே இல்லாத மாதமாகப் பார்த்து அவரிடம் சேமிக்கச் சொல்கிறோம்.

உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தலைவிதியை நொந்துகொள்கிறவன் சொல்வது. ஆனால் மரக்காணத்தில் அக்டோபரில் மழை பெய்வதற்கும் தலைவிதிக்கும் என்ன சம்பந்தம்? காலண்டர் பார்க்கத் தெரிந்த எவருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆண்டுக்கு மூன்று மாதம் வேலை இராது என்பது முன்கூட்டியே தெரிந்த தொழில் இது. தெரிந்திருந்தும் அதற்கு ஏற்பாடு செய்யாமல் விட்டால் அந்தக் குற்றம் விதியுடையது அல்ல.

தமிழ்நாடு அரசு ஓர் ஏற்பாடு செய்தது, மறுக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்குக் கொடுப்பதுபோல, மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5000 ரூபாய் தரும் திட்டம் 2022-இல் தொடங்கியது. நல்ல காரியம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 92 நாள். வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 54 ரூபாய். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அளங்கள் மூழ்கின. 54 ரூபாய்க்காரர் அந்த வாரத்தில் முதுமைக்கு எவ்வளவு எடுத்துவைத்திருப்பார்?

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். மழை நின்று தண்ணீர் வடிந்ததும் பாத்தியைத் திருத்துவார்கள். களிமண் அடித்தளத்தை வெறுங்காலால் மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரைபோல் இறுக்குவார்கள். இறுகாத தரையில் நீர் சுவறிப்போகும், உப்பு மண்ணோடு கலந்து கறுக்கும். பிறகு உவர்நீரைப் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி வெயிலில் கெட்டியாக்குவார்கள். படிகம் கட்டியதும் நீண்ட கழியில் பலகை கோத்து வாருவார்கள். வாரிய ஈர உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பேற்றுவது பெரும்பாலும் பெண்கள். உப்பு நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கால் பிளவில் அது இறங்கினால் என்ன எரிச்சல் எரியும் என்பதைச் சமையலறையில் விரலை வெட்டிக்கொண்டவர்கள் ஓரளவு ஊகிக்கலாம். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். ஐம்பது வயதில் முழங்காலும் கண்ணும் போய்விட்ட உடம்புக்கு நம் ஓய்வூதியத் திட்டங்கள் எல்லாம் சொல்கிற பதில் ஒன்றுதான்: அறுபது ஆகட்டும், வா.

ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது, வந்ததை அன்றே தின்று தீர்த்துவிடுவான் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. பேய் பிசாசை நம்பாதவர்கள்கூட இதை நம்புகிறார்கள். இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை இல்லை. தெருவில் ஏலச் சீட்டு கட்டுகிறவர் யார்? மகளிர் குழுவில் தவணை தவறினால் மானம் போய்விடும் என்று அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டுகிறவர் யார்? கோடையில் காதில் கிடக்கும் தோடு மழைக்காலத்தில் அடகுக்கடைக்குப் போகும். மாசி, பங்குனியில் மீண்டு வரும். சில ஆண்டு மீளாது. அட்சய திருதியை அன்று தங்கம் வாங்கினால் பெருகும் என்பது நகைக்கடைகள் ஊதிவிட்ட புளுகு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உப்பளத்துப் பெண் தோடு வாங்குவதை அந்தப் புளுகோடு சேர்த்துக் கேலி செய்கிற பகுத்தறிவாளர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நவம்பர் மாதத்து இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த வங்கி பத்து நிமிடத்தில் பணம் எடுத்து நீட்டும்? தோடு நீட்டும். அவள் கணக்கு சரியான கணக்கு.

ஆக, சேமிக்கிறார்கள். முதுமை வரைக்கும் அந்தச் சேமிப்பு உயிரோடு இருப்பதில்லை. நடுவே ஒவ்வொரு மழைக்காலமும் அதைத் தின்றுவிடுகிறது. அதற்கும் போதாதபோது அளக்காரரிடம் முன்பணம். அடுத்த பருவத்துக் கூலியில் அது கழியும். பருவம் தொடங்கும்போதே கடனாளியாக இறங்குகிறவரிடம் போய் எறும்பைப் பார் என்றால் அவர் எறும்புக்குப் பதிலாக உங்களைப் பார்ப்பார்.

இனி, சேமிக்கச் சொல்லி அரசு உண்மையில் யாருக்குக் காசு கொடுக்கிறது என்று பார்ப்போம்.

பழைய வருமான வரிமுறையில் 80சி என்று ஒரு பிரிவு. மாதச் சம்பளக்காரர்களுக்கு மனப்பாடம். பொது வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு, செல்வமகள் சேமிப்பு என்று எதிலாவது ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் போட்டால் அந்தத் தொகைக்கு வரி இல்லை. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு, அதன் மேல் விழும் 4 சதவீதத் தீர்வையையும் சேர்த்தால், ஆண்டுக்கு 46,800 ரூபாய் மிச்சம். தன் பணத்தைத் தன் பெயரிலேயே போட்டுக்கொண்டதற்கு அரசு தரும் பரிசு இது. இப்போது இன்னொரு கணக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் 60 முதல் 79 வயது முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-இல் அந்தத் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரைச் சூட்டியபோதும் 200 ரூபாய்தான். ஆண்டுக்கு 2400. ஒரே ஒரு பணக்காரரின் சேமிப்பை ஊக்குவிக்க விட்டுக்கொடுத்த வரியில் ஒன்றிய அரசு பத்தொன்பது முதியவர்களுக்கு அந்தப் பங்கை ஓர் ஆண்டு முழுக்கக் கொடுத்திருக்கலாம். கொடுத்த பிறகும் மீதி இருக்கும்.

அந்தப் பரிசால் சேமிப்பாவது கூடியதா? டென்மார்க்கில் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் லட்சக்கணக்கானவர்களின் பதிவேடுகளைத் துழாவி 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓய்வுக்காலச் சேமிப்புக்கென அரசு 100 ரூபாய் வரிச்சலுகை விட்டால், நாட்டின் மொத்தச் சேமிப்பு கூடுவது 1 ரூபாய் அளவுதான் என்று அது கண்டது. ஏற்கெனவே சேமிக்கிறவர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து சலுகை உள்ள இன்னொரு கணக்குக்கு மாற்றி வைக்கிறார், அவ்வளவுதான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஊதியம் கைக்கு வரும் முன்பே முதலாளி பிடித்துப் போடும் தொகை மட்டும் சேமிப்பை உண்மையிலேயே உயர்த்தியது. உபதேசமும் சலுகையும் செய்யாததைப் பிடித்தம் செய்தது. நம் அரசுக்கும் இது புரியாமல் இல்லை. 2020-இல் வந்த புதிய வரிமுறையில் 80சி-க்கு இடமில்லை.

ஏழைக்கென்று எதுவுமே இல்லையா என்பீர்கள். இருக்கிறது, அடல் ஓய்வூதியத் திட்டம். 2015-இல் வந்தது. 18 வயதில் சேர்ந்து மாதம் 42 ரூபாய் கட்டினால் 60 வயதிலிருந்து மாதம் 1000. 210 ரூபாய் கட்டினால் 5000. சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் எடுத்திருப்பது 1000 ரூபாய்த் தட்டுதான். 2015-இல் 18 வயதில் சேர்ந்த பிள்ளைக்கு 2057-இல் அறுபது ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அன்றைய 5000 ரூபாய்க்கு, அவர் சேர்ந்த ஆண்டின் விலையில், ஏறத்தாழ 640 ரூபாய்ச் சாமான்தான் வாங்கலாம். 1000 ரூபாய்த் தட்டில் இருப்பவருக்கு 130 ரூபாயைக்கூடத் தொடாது. நாற்பத்திரண்டு ஆண்டு வயிற்றைக் கட்டிச் சேர்த்தால் கிடைப்பது இது. விலைவாசிப் படி கிடையாது. தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம் உண்டு. மழை மாதத்தில் வங்கிக் கணக்கில் தவணைக்குப் பணம் இல்லாததும் ஒரு குற்றம்!

அதுவும் நாற்பது வயதுக்குள் இருந்தால். இருபது ஆண்டு உப்புச் சுமந்த நாற்பத்தொரு வயதுப் பெண் வங்கிக்குப் போய்க் கேட்டால், "உங்களுக்கு வயசு தாண்டிடுச்சும்மா" என்று மரியாதையாகத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

அவளுக்கு மிஞ்சுவது முதியோர் உதவித்தொகை. ஓஏபி என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1962 ஏப்ரலில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. நாட்டுக்கே வழிகாட்டிய முயற்சிகளில் ஒன்று. 2011-இல் 1000, 2023-இல் 1200 ஆனது. அதை வாங்க ஆதரவற்றவர் என்று தாலுகா அலுவலகத்தில் காட்ட வேண்டும். சொத்து இன்ன மதிப்புக்கு மேல் இருக்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள்: ஒரு கை சேமி என்கிறது, சேமித்து நாலு காசு சொத்தாக்கியவளைப் பார்த்து இன்னொரு கை உனக்கு இல்லை போ என்கிறது. எதையும் சேர்க்காமல், எவரும் துணையில்லாமல் நிற்பவளே தகுதியுள்ளவள். இந்த விதியை எழுதியவர்கள்தான் ஏழைக்கு எதிர்கால எண்ணம் இல்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

இதற்கிடையே இந்தச் சமூகம் காலங்காலமாக நடத்திவரும் தனியார் ஓய்வூதியத் திட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் மகன். கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற ஒருவன் வேண்டும், கொள்ளி வைக்க ஒருவன் வேண்டும். கொள்ளியைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. கஞ்சியைப் பற்றித்தான் போதிய அளவு பேசவில்லை. பெண் பிறந்தால் முகம் சுளிக்கிற வீட்டில் சாத்திரத்தைவிட அதிகமாக வேலை செய்வது இந்தப் பயம். சாத்திரத்தை எரித்தால் பயம் போகாது. மாதாமாதம் பணம் வந்தால் போகும். அரசோ 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் போட்டு, கவனிக்காத பிள்ளையின் மேல் மனுக் கொடு என்றது. தானே மழைக்கு முன்பணம் வாங்கி வாழும் மகனின் மேல் தாய் மனுக் கொடுத்து எதை வாங்குவாள்? கைவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தச் சட்டம் வேண்டும். ஆனால் பிள்ளையின் பாசத்தைப் பொதுக் கொள்கையாக அறிவித்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதைப் பண்பாடு என்று நான் ஒப்பமாட்டேன்.

1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கிப் போடும் கொடை அல்ல, செய்து முடித்த வேலைக்குச் சேரவேண்டிய பாக்கி என்பது அதன் சாரம். அந்த நாளை ஓய்வூதியர் நாளாக அரசு ஊழியர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், பத்தாண்டு பணி முடித்த ஒன்றிய அரசு ஊழியருக்குக் குறைந்தபட்சம் மாதம் 10,000 ரூபாய் உறுதி. அதையும் நான் பொறாமையோடு சொல்லவில்லை. ஒரு மனிதருக்கு முதுமையில் குறைந்தது அவ்வளவு வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்ட கணக்கு அது. என் கேள்வி இதுதான்: செய்த வேலைக்கான பாக்கி என்ற நியாயம் கோப்பு சுமந்தவருக்குப் பொருந்துமென்றால் உப்பு சுமந்தவளுக்கு ஏன் பொருந்தாது? கோப்பு இல்லாமல் நாம் ஒரு வாரம் சாப்பிட்டுவிடலாம்.

அரசு ஊழியருக்கு முதலாளி இருக்கிறார், இவளுக்கு யார் முதலாளி என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இலேயே வந்தது. ஆனால் பொதுவாக 20 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது எட்டும். அளங்கள் துண்டுதுண்டான குத்தகை. ஆளுக்குச் சில பாத்தி, சில ஆட்கள். வேடிக்கை என்னவென்றால், கூலிகளாகக் கப்பலேறிப்போன தமிழர்களின் பிள்ளைகள் வேலை செய்த நாடுகளில் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. மலாயாவில் 1951-இல் ஊழியர் சேமநிதி. இலங்கையில் 1958-இல், அங்கே தோட்டத் தொழிலாளி 8 சதவீதம் கட்டினால் முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும். அந்தத் தொகை வாழ்நாளுக்குப் போதுமா என்பது வேறு பேச்சு. கடல் கடந்தவருக்கு எழுதப்பட்ட கணக்கு, கடலோரத்திலேயே தங்கிவிட்டவருக்கு எழுதப்படவில்லை.

முதலாளியைப் பிடிக்க முடியாவிட்டால் சரக்கைப் பிடிக்கலாம். பம்பாயில் மூட்டை தூக்குகிறவர்கள் இன்று ஒரு வியாபாரிக்கும் நாளை இன்னொருவருக்கும் தூக்குகிறவர்கள். 1969-இல் மகாராட்டிரம் மதாடிச் சட்டம் கொண்டுவந்தது. கூலியை வாரியத்தின் வழியாகக் கொடு, அதற்கு மேல் இத்தனை சதவீதம் வாரியத்துக்குக் கட்டு என்று வியாபாரியிடம் சொன்னது. அதிலிருந்து சுமைதூக்கிக்கு வைப்பு நிதியும் பணிக்கொடையும் வந்தன. வீடு கட்டுகிறவரிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வாங்கித் தொழிலாளர் வாரியத்தில் போடும் ஏற்பாடு 1996-இலிருந்து இருக்கிறது. உப்புக்கு மட்டும் ஏன் முடியாது?

உப்பு என்றதும் எல்லாருக்கும் வேதாரண்யம் ஞாபகம் வரும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்தார், உப்பு வரி ஒழிந்தது, இனி உப்பை வரிக்காரன் தொடக்கூடாது. உப்பு புனிதமாகிவிட்டது. புனிதமான எதையும் சந்தேகப்படுவது நம் வழக்கம்; இதையும் சந்தேகப்படுவோம். வெள்ளைக்காரன் போட்ட வரி ஏழையை உப்பெடுக்கவிடாமல் தடுத்து, அவன் கஞ்சியில் கைவைத்து, கசானாவை நிரப்பியது. அதை எதிர்த்தது நியாயம். வாரியவருக்கே திரும்பிப் போகும் ஒரு ரூபாயை அதே பெயரைச் சொல்லி எதிர்ப்பது நியாயம் அல்ல, பழக்கம். சுதந்திர இந்தியாவே 1953-இல் உப்புத் தீர்வைச் சட்டம் போட்டு டன்னுக்கு மூன்றரை ரூபாய் வசூலித்தது. தொழிலாளர் நலனும் அதன் நோக்கங்களில் ஒன்று. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு நாளைக்கு 10 கிராம் உப்பு என்று வையுங்கள். மருத்துவர் அதிகம் என்பார், நம் ஊறுகாய் அப்படி. தமிழ்நாட்டில் 7 கோடிப் பேர். ஆண்டுக்கு ஏறத்தாழ 25 கோடிக் கிலோ. பாக்கெட் உப்பில் கிலோவுக்கு 1 ரூபாய் பிடித்தால் 25 கோடி ரூபாய். மாதம் 3000 ரூபாய் வீதம் ஏறத்தாழ 7000 முதியவர்களுக்குக் கொடுக்கலாம். பணக்காரனும் ஏழையும் ஒரே அளவு உப்புத் தின்கிறார்கள், ஆகையால் ஏழையின் தலையிலும் விழுமே என்றால், விழும்: ஆளுக்கு ஆண்டுக்கு 4 ரூபாய்க்குள். அளத்தில் மலிவாக வாங்கி, பாக்கெட்டில் அடைத்து, கிலோ 20 ரூபாய்க்கு மேல் விற்கிற நிறுவனம் அந்த ஒரு ரூபாயைத் தன் லாபத்திலிருந்தே கொடுத்தாலும் குடிமுழுகிப் போகாது. வரி என்று தலைப்பில் போட்டது உங்களைச் சீண்டுவதற்காகத்தான். மதாடி வாரியம் வாங்குவதுபோல் இது நல நிதிப் பங்களிப்பு. உப்பு ஒன்றியப் பட்டியலில், தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில். இரண்டு அரசும் ஒன்றையொன்று கைகாட்ட வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பணமாகக் கொடுத்தால் மக்கள் சோம்பேறியாகிவிடுவார்கள், சேமிக்கும் பழக்கம் அழிந்துவிடும் என்று ஒரு வாதம் எப்போதும் எழும். நேபாளம் நம்மைவிட ஏழை நாடு. 1995-இல் முதியோர் படி தொடங்கி, இன்று வேறு அரசு ஓய்வூதியம் இல்லாத 68 வயதான குடிமகன் எவருக்கும் மாதம் அவர்கள் பணத்தில் 4000, நம் பணத்தில் 2500 ரூபாய் கொடுக்கிறது. பிள்ளை இருக்கிறானா, வீடு இருக்கிறதா என்று கேட்பதில்லை. அந்த நாடு சோம்பிக் கிடக்கவில்லை. அதன் பிள்ளைகள் நம் ஊர் ஓட்டல்களில் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரசிடம் பணம் இல்லை என்பதும் பொய். 2023 மே மாதம் இதே மரக்காணத்தில், எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் செத்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அரசு கொடுத்தது. அந்தப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது வேண்டியிருந்தது, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 10 லட்சம், 1200 ரூபாய் வீதம் பார்த்தால், ஒரு முதியவருக்கு 69 ஆண்டு உதவித்தொகை. சாவு செய்தியானால் கசானா திறக்கிறது. உயிரோடு மூப்படைந்தால் சான்றிதழ் கேட்கிறது. 2023-24-இல் டாஸ்மாக் மதுக்கடைகள் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடிக்கு மேல். வீட்டுச் சேமிப்பை ஊக்குவிக்கும் அரசு, அந்த வீட்டுக் கூலியை மாலையிலேயே மறித்து வாங்கிக்கொள்ளும் கடையையும் தானே நடத்துகிறது.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இலிருந்து இருக்கிறது. நல வாரியம் இருக்கிறது, உப்பளத் தொழிலாளர் அதில் பதிவு செய்துகொள்ளலாம். நிவாரணம் கொடுக்கப் பட்டியல் எடுத்தவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கப் பட்டியல் எடுக்கத் தெரியாதா? கிலோவுக்கு ஒரு ரூபாய், ஐம்பத்தைந்து வயதில் மாதம் 3000, ஆண்டுதோறும் விலைவாசிப் படி: இந்த மூன்றையும் கேட்டு உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த ஒரு ரூபாயைக் கொடுக்க நீங்கள் தயார் என்பதையும் அதில் எழுதுங்கள்.